துத்தாவோனா என்றால் சம்மதம்

கிசாராவில் ஒரு சாலை போட வேண்டுமென்றால் இன்னும் பிறக்காத நாற்பதாயிரம் பேரைக் கேட்டுவிட்டுத்தான் போட முடியும். சட்டம் அப்படி. உயிரோடு இருப்பவர்களையே கேட்காமல் வாசலில் பள்ளம் தோண்டிவிட்டுப் போகிற ஊரிலிருந்து வந்த நிறைமதிக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அதுவே பிழைப்பானது.

தான்சானியாவில், விக்டோரியா ஏரியின் தென்கரையில், ஒரு காலத்தில் பத்துப் படகும் ஒரு டீக்கடையுமாக இருந்த இடம் கிசாரா. இந்தக் கதை நடக்கும்போது, அதாவது இன்றைய பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தலை நரைக்கும் காலத்தில், அங்கே அரைக் கோடிப் பேர் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு கும்பகோணம் அளவு ஜனம் லாரியிலும் படகிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கட்டு, பிறகு யோசி என்று வளர்ந்த நகரங்கள் தண்ணீரில் மிதந்ததையும் தண்ணீர் இல்லாமல் தவித்ததையும் பார்த்துப் பயந்த அரசாங்கம், எந்தத் திட்டமானாலும் அதை அனுபவிக்கப் போகிறவர்கள் சம்மதித்தால்தான் நடக்கும் என்று சட்டம் கொண்டுவந்தது. அனுபவிக்கப் போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லையே? அதற்காகத்தான் பிறவாதோர் சபை வந்தது.

“அப்ப ஆவி கூப்பிடுறாங்களா?” என்று தரங்கம்பாடியிலிருந்து அம்மா போனில் கேட்டாள்.

“ஆவின்னா செத்தவங்கம்மா. இவங்க இன்னும் பொறக்காதவங்க. ஊர்ல இருக்கிறவங்க எப்படிப் பேசுறாங்க, எதுக்குச் சண்டை போடுறாங்க, யாரைக் கட்டிக்கிறாங்க, எங்க குடி போறாங்க, எல்லாத்தையும் மெஷின் கேட்டுக்கிட்டே இருக்கு. அதை வச்சு இவங்க பேரன் பேத்தி எப்படிப் பேசுவாங்கன்னு குரல் உண்டாக்குது. திட்டத்தைச் சொல்லி, வேணுமா வேணாமான்னு கேட்டா பதில் வரும்.”

“அதுல ஒன் வேலை என்னடி?”

“அந்தப் பதில் சம்மதமா மறுப்பான்னு மெஷினுக்குக் கத்துக்குடுக்கிறது.”

“ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. இதுக்குப் போயி கடல் தாண்டிப் போவணுமாக்கும்” என்ற அம்மா, அசல் விசாரணைக்கு வந்தாள். “அது சரி, யாரு அந்த மாமா? மாமா சமைச்சாங்க, மாமா தலை வாரிவிட்டாங்கங்கிறே. ஆம்பளை வீட்டுலயா குடியிருக்கே?”

சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா என்று விளக்குவதற்குள் நிறைமதிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாமா கபூலா அவளுடைய வீட்டுக்காரி. ஊரோரத்துப் புசிம்பா கரையில் டாகா காயவைக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. டாகா என்பது ஏரியில் கிடைக்கும் பொடிமீன்; காய்ந்தால் அசல் நெத்திலிக் கருவாடு. ஆள் வாட்டசாட்டம். அவள் மெல்லப் பேசினாலே படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். தன்னைவிடக் கெட்டிக்காரி கரையில் இல்லை என்று அவளே சொல்வாள், யாரும் மறுத்ததில்லை.

நிறைமதி வீடு கேட்டு வந்த அன்று கபூலா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “மீன் நாத்தம் தாங்குவியா?”

அந்தக் கேள்வியில் நிறைமதிக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல. “சொந்த ஊர் எதும்மா?” என்பார்கள். “தரங்கம்பாடியா? சமையல் எப்படி, கருவாடெல்லாம் உண்டோ?” என்பார்கள். அதன் பிறகு முகம் மாறாது, குரல் மாறாது, சிரிப்புக்கூட மாறாது. “பாக்கலாம்மா, கலந்துட்டு சொல்றோம்” என்பார்கள். முதல் இரண்டு வீட்டில் அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாவது வீட்டில் புரிந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜியை முடித்துவிட்டு ‘ஊருக்குப் போய்ச் சொல்கிறோம்’ என்றால் என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான்.

கபூலா கலந்துகொள்ளவில்லை. சாவியை அன்றே கொடுத்தாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நிறைமதி பழக்கதோஷத்தில் தமிழில் “வரேன் மாமா” என்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கபூலா ஒருநாள் கேட்டாள்.

“வர்றேன்னு அர்த்தம்.”

“போறவ எதுக்கு வர்றேங்கிற?”

“எங்க ஊர்ல போறேன்னு சொல்லக் கூடாது. போகும்போதுதான் வரேன்னு சொல்வோம்.”

கபூலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து நிறைமதி கிளம்பும்போதெல்லாம் மீன் பரப்பிய பந்தலிலிருந்து “வரேன்! வரேன்!” என்று கரையே அதிரக் கத்துவாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொள்வார்கள்.

புசிம்பாவுக்கு வந்த திட்டம் மோசமான திட்டமல்ல. அதைச் சொல்லியாக வேண்டும். கரையோரக் குடிசைகளையும் மீன் பந்தல்களையும் எடுத்துவிட்டு நாணல் வளர்த்தால் நகரத்தின் கழிவுநீர் சுத்தமாகி ஏரியில் சேரும். குடியிருப்பவர்களுக்கு மேட்டு நிலத்தில் மாடி வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர், வாசலில் ரயில், கூரையில் தோட்டம். கபூலாவின் தங்கை லிமி ஏற்கெனவே அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் ரயில் பாதைக்காக லிமியின் பாறைக் குன்றைக் காலிசெய்தபோது, சபை சம்மதித்துவிட்டது என்று தாளில் எழுதி வந்தது. குன்றில் ஆடு மேய்த்து, பக்கத்து வீட்டோடு சண்டை போட்டு, திருவிழாவாக வாழ்ந்த லிமி இப்போது ஒன்பதாவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கபூலா ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்குப் பேச மாட்டாள்.

இப்போது புசிம்பா. கடைசிக் கையெழுத்துக்கு முன்னால் அந்த இடத்துக்காரர் யாரும் சபைக்கு வந்து தன் வம்சத்துக் குரல் ஒன்றைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. கபூலா கேட்பேன் என்றாள். புதுத்துணி கட்டி, தலையில் முண்டாசு சுற்றி, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். நிறைமதிதான் கூட்டிக்கொண்டு போனாள்.

சபை என்றால் ஒரு வட்ட மண்டபம், நடுவில் ஒரு நாற்காலி, எதிரில் பெரிய பலகை. சம்மதம் என்றால் பலகையில் பச்சை எரியும், மறுப்பு என்றால் சிவப்பு. கபூலா நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஒரு பெண்குரல் அவளுக்கு வணக்கம் சொன்னது. கபூலாவின் குரலேதான், முப்பது வருஷம் இளமையானது போல.

“நீ யார் மக?” என்றாள் கபூலா.

“உங்க கடைசி மகனோட மக.”

“அவனுக்கா? அந்தச் சோம்பேறியை எவ கட்டினா?” மண்டபத்தில் இருந்த சிப்பந்திகள் சிரித்தார்கள். கபூலா அதட்டிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். “நம்ம கரையை எடுத்துட்டு மேட்டுல மாடி வீடு தர்றாங்களாம். போவியா?”

குரல் கொஞ்சம் யோசித்தது. “நல்ல வீடுதான். படம் பாத்தேன். ஜன்னலெல்லாம் பெருசா இருக்கு. கட்டினவங்களுக்குப் புண்ணியம்.” பிறகு மெதுவாக, மரியாதையாக, “துத்தாவோனா” என்றது.

துத்தாவோனா என்றால் ‘பார்க்கலாம்’.

பலகையில் பச்சை எரிந்தது.

கபூலா தொடையில் ஓங்கித் தட்டினாள். “பாத்தியா! என் ரத்தம்! எவ்வளவு பதவிசா மாட்டேன்னுட்டா பாத்தியா!” என்று நிறைமதியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பச்சை விளக்கை அவள் பார்த்தாள்தான். பேத்தியின் பேச்சை மெச்சி எரிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் குரலில் இருந்த இனிப்பு நிறைமதிக்குப் பழக்கமான இனிப்பு. கேட்டைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ‘பாக்கலாம்மா’ என்று அனுப்பிவைத்த அத்தனை வீட்டு வாசல்களிலும் கேட்ட இனிப்பு. இத்தனை வருஷம் அவள் பலகையைப் பார்த்தாளே தவிர உட்கார்ந்து ஒரு குரலையும் கேட்டதில்லை.

துத்தாவோனாவைச் சம்மதம் என்று மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான். சபை தொடங்கிய வருஷம், தெருக்கூட்டங்களில் பதிவுசெய்த பேச்சுகளை மூன்று பெட்டிகளாகப் பிரித்திருந்தார்கள்: மறுப்பு, தெளிவில்லை, சம்மதம். ஜனங்கள் பாதிப்பேர் துத்தாவோனா என்றே சொல்லியிருந்ததால் நடுப்பெட்டி பிதுங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தில் இரண்டு பதிலுக்குத்தான் இடம் என்றார் அரசாங்க வக்கீல். மறுப்பில் சேர்த்தால் ஒரு திட்டமும் நகராது. வந்து இறங்கும் ஜனத்துக்குக் கூரை வேண்டும். ‘மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லையே’ என்று சொல்லிக்கொண்டு நிறைமதி நடுப்பெட்டியைத் திரையில் விரலால் தொட்டு வலப்பக்கம் இழுத்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். மதியம் நல்ல சாப்பாடு போட்டார்கள்.

சபையிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம் கபூலா கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சேதி சொன்னாள். கரையில் பெண்கள் கூடி ஆடினார்கள். சாயங்காலம் டாகாவை மொறுமொறுவென்று பொரித்து, சோளக்களி கிண்டி, முதல் தட்டை நிறைமதிக்குத்தான் வைத்தாள்.

“ஒங்க ஆபீஸ் நல்ல ஆபீஸ். நான்தான் தப்பா நெனச்சிட்டேன். சாப்பிடு, எலும்பா இருக்கே.”

நிறைமதி சாப்பிட்டாள். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பாள். கபூலா இன்னும் கொஞ்சம் மீனை அள்ளித் தட்டில் போடுவாள். வெட்கத்தில் உடம்பே கூசியது. வாங்கித் தின்னத் தெரிந்த வாய்க்கு இரண்டு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை நேராகப் பாஸ்கலின் அறைக்குப் போனாள். பாஸ்கல் மசான்ஜா, பிறவாதோர் சபை அலுவலகத்தின் இயக்குநர், இந்த ஊர்க்காரர், வெளிநாட்டில் நகரமைப்புப் படித்தவர். சிரிக்கும்போதும் அளந்து சிரிக்கிறவர். டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“பாஸ்கல், துத்தாவோனான்னா என்ன அர்த்தம்?”

“எந்த அகராதியில கேக்குறீங்க?”

“உங்க வீட்டு அகராதியில.”

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். “சின்ன வயசுல எங்கப்பாகிட்ட சைக்கிள் கேட்டேன். துத்தாவோனான்னார். அந்த சைக்கிள் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.”

“அன்னைக்கு மீட்டிங்ல நீங்களும் இருந்தீங்க.”

“இருந்தேன். கைகூடத் தட்டினேன்.”

“நான் தப்புப் பண்றேன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“மந்திரி ஆபீஸ் ஆளுங்க இருந்தாங்க, வக்கீல் இருந்தாரு. நாலு பேர் முன்னால முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்றது எங்ககிட்ட மரியாதை இல்லை.” பாஸ்கல் நிமிர்ந்து பார்த்தார். “ஆனா நீங்க என்னைக் கேட்டீங்க. பெட்டியை இழுத்துட்டு, ‘சரியா இருக்கா பாஸ்கல்?’னு கேட்டீங்க. நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?”

நிறைமதிக்கு ஞாபகம் வந்தது. துத்தாவோனா என்றுதான் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விட்டாள்.

“உங்க பாஷையில இப்படி ஒரு வார்த்தை இல்லைன்னு நெனச்சேன்” என்றார் அவர். “வெளியூர்க்காரங்க, தெரியாம செய்யறாங்கன்னு.”

‘இல்லை’ என்று ஒரு பொய் சொன்னால் தப்பித்திருக்கலாம். போகிறவள் ‘வரேன்’ என்று சொல்லும் பாஷையில் பிறந்தவள் எந்த முகத்தோடு அதைச் சொல்வாள்? “இருக்கு” என்றாள். “அந்த வார்த்தையாலதான் எனக்குச் சென்னையில வீடு கெடைக்கல.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இரண்டு பேரும் ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“மாத்தணும்” என்றாள் நிறைமதி.

“மாத்தினா இதுவரைக்கும் எரிஞ்ச பச்சையெல்லாம் கணக்குல சிவப்பாயிடும். புசிம்பா பிழைக்கும். ஏற்கெனவே போனவங்க?”

“அவங்களுக்கு நடந்ததையாவது சொல்லலாம்.”

“சொன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போகும். அதுகூடப் பரவால்ல. லிமி இருந்த குன்றை உடைச்சு ரயில் விட்டாச்சு. குன்றைத் திரும்ப ஒட்டவா முடியும்?” அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இன்னொண்ணு. சபை பதிலை எண்ணுற முறையை மாத்தணும்னா அதுக்கும் சபை சம்மதிக்கணும். சட்டம்.”

“கேப்போம். அவங்களுக்கு நல்லதுதானே? சம்மதிக்காம என்ன?”

அன்று மதியமே கேட்டார்கள். நாற்காலியில் நிறைமதி உட்கார்ந்தாள், பாஸ்கல் கதவோரம் நின்றார். தான் செய்ததை அவள் ஒளிக்காமல் சொன்னாள். பிறக்காதவர்களிடம் சொல்வதற்கே அவளுக்கு நாக்குக் குழறியது. கடைசியில் கேள்வியைக் கேட்டாள். “இனிமேல் நீங்க துத்தாவோனான்னா அதை மறுப்புன்னு எழுதிக்கட்டுமா?”

பிறகு ஒரு குரல் நன்றி சொன்னது. நல்ல யோசனை என்றது இன்னொன்று. சிரமம் எடுத்துக்கொண்டதற்கு இன்னும் பல குரல்கள் வாழ்த்துச் சொல்லின. எல்லாம் சேர்ந்து, நாற்காலியின் கைப்பிடி அதிரும்படி, ஆனால் துளியும் குரல் உயர்த்தாமல், சொல்லின.

“துத்தாவோனா.”

பலகையில் பச்சை எரிந்தது. தீர்மானம் நிறைவேறியது.

பாஸ்கல் கதவோரத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். “மாட்டேன்னுட்டாங்க” என்றார்.

“ஆமா.”

“பழைய கணக்குப்படி அது சம்மதம். அதனால நிறைவேறிடுச்சு.”

“ஆமா.”

“ஏன் மாட்டேன்னாங்க? அவங்களுக்கு நல்லதுதானே?”

நிறைமதிக்கு அது தெரிந்திருந்தது. இத்தனை நாள் நீங்கள் சொன்னதை மாற்றி எழுதினேன், இனிமேல் சரியாக எழுதுகிறேன் என்று அதே ஆள் வந்து நின்றால் யார்தான் நம்புவார்கள்? சென்னையில் அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர் பிற்பாடு கூப்பிட்டு, மாடி காலியாக இருக்கிறது, வாம்மா என்றார். அவளும் சிரித்துக்கொண்டே, பாக்கலாம் சார் என்றுதான் சொன்னாள்.

இனி செய்ய இரண்டு வழிதான். அவர்கள் சொன்னதை மதித்துத் திருத்தத்தை விட்டுவிடலாம். அப்படியானால் புசிம்பா போய்விடும். அல்லது இன்னும் ஒரே ஒரு தடவை அவர்கள் வார்த்தையைத் திரித்துக்கொள்ளலாம். திருடிய சாவியாலேயே கதவைத் திறந்து பொருளைத் திருப்பி வைப்பது போலத்தான் இருந்தது. அவள் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டாள். பாஸ்கலும் எழுந்து வந்து போட்டார். பலகையில் புசிம்பாவுக்கு எதிரே பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. அதற்கு மேலே இருந்த பழைய திட்டங்களும், லிமியின் குன்று உட்பட, ஒவ்வொன்றாகச் சிவப்பாகிக்கொண்டே போயின. கடைசிவரை பார்க்க அவளால் முடியவில்லை.

வெயில் சாயும் நேரத்துக்குக் கரைக்குப் போனாள். கபூலா பந்தலில் டாகாவைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை நிறைமதி உட்காரவில்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை விளக்கு என்றால் என்ன, பெட்டியை இழுத்தது யார், கரை எப்படிப் பிழைத்தது, எல்லாவற்றையும்.

கபூலா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“லிமியோட குன்றுக்கு?” என்று மட்டும் கேட்டாள் கபூலா.

“அப்பவும் துத்தாவோனான்னுதான் சொல்லியிருக்காங்க, மாமா.”

கபூலாவின் கை மீன்மேல் அப்படியே நின்றது. “அவ போக மாட்டேன்னு பாறையைக் கட்டிக்கிட்டு அழுதா. நான்தான் திட்டினேன். பொறக்காத புள்ளைங்களே சம்மதிச்சிருச்சு, உனக்கென்னடி வீம்புன்னு. அவ சட்டி பானையை நான்தான் வண்டியில ஏத்தினேன்.”

நிறைமதிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க அவளுக்குச் சுவாஹிலியில் வார்த்தை தெரியும், தமிழிலும் தெரியும். இரண்டுமே வாயில் வரவில்லை. கடைசியில் கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

“நான் இந்த வீட்டுல இருக்கலாமா, மாமா?”

கபூலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை. தூரத்து ஊரிலிருந்து வந்த விருந்தாளியைப் பார்ப்பது போல, மரியாதையாக, லேசாகச் சிரித்தாள்.

“துத்தாவோனா” என்றாள்.

நிறைமதி உள்ளே போய்ப் பெட்டியை இறக்கினாள். எடுத்துவைக்க அதிகம் இல்லை. சாவியை அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டுப் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள்.

“வரேன் மாமா” என்றாள், வாய்ப் பழக்கத்தில்.

பந்தலில் பெண்கள் யாரும் குரல் கொடுக்கவில்லை. கபூலா குனிந்து அடுத்த வரிசை மீனைப் புரட்டத் தொடங்கியிருந்தாள்.